இருக்கைக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டு



சென்ற மாதம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் கராஜ் வெறுமையாக இருப்பதைக் கண்டு, "ஐயா, அந்த மோட்டார் சைக்கிள் எங்கே?" என்று கேட்டார்கள். விற்றுவிட்டேன் என்றேன். "நல்ல விலை கிடைத்ததா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு நான் நேராகப் பதில் சொல்லாமல், தேநீர் ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன். இந்த வாரத் தியானத்தை அந்தப் பதிலுக்கென்று எடுத்துக்கொள்கிறேன். இது என்னைப் பற்றிய அறிக்கை என்றே வாசியுங்கள்.

உங்களில் பலர் அதனைப் போதகரின் பழைய வண்டி என்று மாத்திரம் அறிவீர்கள். அது 1990ஆம் ஆண்டில் ஜப்பானில் உற்பத்தியான ஹோண்டா என்எஸ்ஆர் 250 ஆர். அதன் எந்திரம் 249 சிசி கொள்ளளவு உடையது. வி வடிவில், 90 பாகைக் கோணத்தில் இரண்டு சிலிண்டர்கள். வலு 45 குதிரைத்திறன். இதே பெயரில் ஹோண்டா நிறுவனம் பந்தயத்துக்கென்று தயாரித்த வண்டியில்தான் ஸ்பெயின் நாட்டின் சீட்டோ பொன்ஸ் 1988இலும் 1989இலும் 250 சிசி பிரிவில் உலகப் பட்டம் வென்றார்.

ஜப்பானில் 250 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குக் காலந்தோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. 250 வரையுள்ளவற்றுக்கு அது இல்லை. ஆகையால் அந்நாட்டு இளைஞர்கள் இந்த அளவு வண்டிகளையே நாடினார்கள். நிறுவனங்களும் பந்தயத் தளத்தில் கற்றவற்றை இந்தச் சிறிய எந்திரங்களில் கொண்டுவந்து சேர்த்தன. இந்த வண்டி இங்கிலாந்துக் கடைகளுக்கென்று உருவானதல்ல. 1990களில் இங்குள்ள வியாபாரிகள் ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகளை வாங்கி, கொள்கலன்களில் ஏற்றிக் கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். இரு நாடுகளிலும் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகவே செல்வதால் முகப்பு விளக்கைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வேகத்தை மைல் கணக்கில் காட்டினால் போதும்.

அது டூ ஸ்ட்ரோக் வண்டி. நாம் இன்று ஓட்டும் கார்களின் எந்திரத்தில் கிராங்க் இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு சிலிண்டரில் ஒரு முறை எரிபொருள் எரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுழற்சிக்கும் எரியும். எனவே சிறிய எந்திரம் அளவுக்கு மிஞ்சிய வலுவைத் தருகிறது. ஆனால் அதில் பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது இவ்வகை வண்டிகள் கடைகளிலிருந்து மறைந்தன. உலகப் பந்தயங்களிலும் 250 டூ ஸ்ட்ரோக் பிரிவு 2009ஆம் ஆண்டோடு முடிந்தது. இனி வராது என்பதாலேயே எஞ்சியவற்றின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

நான் அதை வாங்கியது 1998இல், ஊழியத்துக்கு வருவதற்கு முன்பு. அப்பொழுது லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் என் தகப்பனாரிடம் இருந்தது ஒரு சைக்கிள். அவர் இறக்கும் வரையில் எங்கள் குடும்பத்தின் வாகனம் அதுவே. ஒரு குளிர்கால இரவில் இவ்வகை வண்டி ஒன்று பெட்ரோல் நிரப்ப வந்து நின்றது. எரிந்த எண்ணெயின் மணமும், ஓட்டி புறப்பட்டபோது எழுந்த கூர்மையான ஒலியும் அன்றிரவு முழுவதும் என்னோடு இருந்தன. இரண்டு ஆண்டுகள் சேமித்து ஒன்றை வாங்கினேன்.

விற்ற வியாபாரி மரியாதையாகப் பேசினார். தூரம் காட்டும் கருவியை இந்நாட்டு மக்கள் பேச்சில் கடிகாரம் என்பார்கள். "கடிகாரத்தில் 14,000 கிலோமீட்டர் இருக்கிறது" என்றார் அவர். நானும் குனிந்து பார்த்தேன். 14,000 சொச்சம்தான் இருந்தது. மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

2003ஆம் ஆண்டு கோடையில் கெண்ட் பகுதியில் ஒரு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது எந்திரம் திடீரென்று இறுகியது. பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் பூட்டியதுபோல் நின்றுவிடும். இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் அதற்காகவே இரண்டு விரல்களைக் கிளட்ச் பிடியின் மேல் வைத்திருப்பார்கள். என் விரல்களும் அங்கே இருந்தன. கர்த்தருடைய கிருபையால் ஓரமாக உருண்டு வந்து நின்றேன். இறங்கியபோது என் முழங்கால்கள் நடுங்கின.

எந்திரத்தைப் பிரித்த மெக்கானிக் பிஸ்டன்களையும் கிராங்கின் பேரிங்குகளையும் என் கையில் தந்து, "இது 14,000 கிலோமீட்டரோடு சில ஆயிரம் ஓடிய எந்திரத்தின் தேய்மானம் அல்ல" என்றார். அதே வாரத்தில், வண்டியைத் துடைப்பதற்காக இருக்கையையும் பின்புறப் பிளாஸ்டிக் உறையையும் கழற்றினேன். உறையின் உட்புறத்தில் தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. எண்ணெய் மாற்றும்போது ஜப்பானில் கடைக்காரர்கள் ஒட்டும் சீட்டு. எழுத்துகள் எனக்குப் புரியவில்லை, எண்கள் புரிந்தன. ஜப்பானிய அரச கணக்கின்படி ஹெய்செய் 6ஆம் ஆண்டு, அதாவது 1994. ஓடிய தூரம் 31,200 கிலோமீட்டர்.

1994இல் 31,200. 1998இல் 14,000. எந்த வண்டியும் பின்னோக்கி ஓடி இளமை அடைவதில்லை. இங்கே வந்த பிறகு யாரோ வேறொரு வண்டியின் கருவியை அதில் பொருத்தியிருக்கிறார்கள். நான் தேடிச் சென்றபோது அந்த வியாபாரியின் கடை பூட்டிக் கிடந்தது.

அந்தக் கோபம் என்னோடு நெடுங்காலம் வாழ்ந்தது. எந்திரத்தைச் சீர்செய்ய ஆன செலவை நான் மறக்கவில்லை. இதைப் பலருக்கும் சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன், வஞ்சகத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது இதையே உதாரணமாகவும் சொன்னேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அன்று நீங்கள் சிரித்தீர்கள்.

இந்த ஆண்டு வசந்த காலத்தில் அதை விற்பதென்று தீர்மானித்தோம். மகளின் மேற்படிப்புக்கு முதல் தவணைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. என் மணிக்கட்டுகளும் அந்தக் குனிந்த இருப்பைத் தாங்கவில்லை. ஒரு மாலை அமர்ந்து விளம்பரம் எழுதினேன். 2003இல் எந்திரம் இறுகியதை எழுதினேன். புதிய பிஸ்டன்கள் போட்டதையும், கிராங்கைப் புதுப்பித்து அதன் சீல்களை மாற்றியதையும் எழுதினேன். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள்தான் வருகின்றன. ஆகவே அந்தச் சீல்கள் எந்திரத்தின் மூச்சுக்காற்றைக் காக்கிறவை. விவரம் அறிந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பெட்ரோல் கலத்தின் அடியிலிருந்த சிறிய நசுங்கலைக்கூட எழுதினேன். பின்பு இப்படி எழுதினேன்: "கடிகாரத்தில் 23,400 கிலோமீட்டர். 2005 முதல் உள்ள எம்ஓடி பதிவுகள் அனைத்தும் அதனோடு பொருந்துகின்றன."

அந்த இரண்டு வாக்கியங்களில் பொய் இல்லை. எம்ஓடி என்னும் வருடாந்தரப் பரிசோதனையின் பதிவுகளை 2005 முதல் எவரும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் தூரம் ஒழுங்காக ஏறிக்கொண்டு வருவதைக் காணலாம். சந்தேகப்படுகிறவன் சோதித்தாலும் அரசாங்கத்தின் பதிவே எனக்குச் சாட்சி சொல்லும். ஆனால் அந்த வண்டி உண்மையில் ஓடியது 40,000 கிலோமீட்டருக்கும் மேல் என்பதை அறிந்தவன் இந்நாட்டில் நான் ஒருவனே. என்னைத் தவிர சாட்சி, இருக்கைக்குக் கீழே இருந்த அந்தச் சீட்டு.

இரண்டு நாளில் ஒருவர் அழைத்தார். 8,500 பவுணுக்குத் தொலைபேசியிலேயே சம்மதித்தார். சனிக்கிழமை காலையில் வேனுடன் வருவதாகச் சொன்னார். வெள்ளி இரவு, உணவுக்குப் பின், விளம்பரத்தை என் மனைவியிடம் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தே காட்டினேன். அவர் கண்ணாடியை அணிந்து இரண்டு முறை வாசித்தார்.

"நீங்கள் எழுதினதில பொய் ஒண்டும் இல்லை," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "உங்களுக்கு வித்தவர் சொன்னதிலயும் பொய் ஒண்டும் இருக்கேல்லைத்தானே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

பிரியமானவர்களே, அந்த வாக்கியம் என்னை நிறுத்தியது. இத்தனை ஆண்டுகள் நான் கோபித்துக்கொண்ட மனிதர் சொன்னது என்ன? கடிகாரத்தில் இத்தனை இருக்கிறது என்றார். அது உண்மை. நான் எழுதியதும் அதே வாக்கியம். எண் மட்டும் வேறு. அவருக்காவது ஒரு சாக்கு இருக்கக்கூடும்: அவருக்கும் யாரோ அப்படியே சொல்லி விற்றிருக்கலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. நான் சீட்டைக் கண்டவன்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 5ஆம் அதிகாரத்தில் வரும் அனனியாவையும் சப்பீராளையும் நீங்கள் அறிவீர்கள். அவர்களும் ஒரு சொத்தை விற்றவர்கள். நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்கள் கைக்குள்தான் இருந்தது, முழுவதையும் கொடுக்க வேண்டுமென்று எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பேதுரு அதை அவர்களுக்கு வெளிப்படையாகவே எடுத்துக் காட்டுகிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமாகவில்லை. ஒரு பங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுவே முழுமை என்று நம்பச் செய்ததே குற்றமாயிற்று. இந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை காணிக்கையைப் பற்றிப் பேசப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த வெள்ளி இரவில்தான் அது விளம்பரம் எழுதுகிறவனுக்கும் உரியது என்று கண்டேன். எந்திரம் இறுகியதைச் சொன்னேன், நசுங்கலைச் சொன்னேன், சீல்களைச் சொன்னேன். இத்தனை குறைகளைத் தானே சொல்கிறவர் எதையும் மறைக்கமாட்டார் என்று வாசிக்கிறவர் நம்புவார். நான் சொன்ன உண்மைகளே நான் சொல்லாததற்குத் திரையாக நின்றன.

சனிக்கிழமை வந்தவர் விவரம் அறிந்தவர். தாம் வரும்வரை எந்திரத்தை இயக்க வேண்டாம் என்று முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். குளிர்ந்த எந்திரம் எப்படிப் புறப்படுகிறது என்பதில் பல உண்மைகள் தெரியும். கையால் தொட்டுப் பார்த்தார். டார்ச் விளக்கைப் பிடித்து, சட்டத்தில் பொறித்த எண்ணையும் பதிவுப் புத்தகத்தையும் ஒப்பிட்டார். புகையை முகர்ந்தார். தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இணையத்தில் பார்த்துவிட்டே வந்திருந்தார். "எடுத்துக்கொள்கிறேன்" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பற்றிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். "ஒரு நிமிடம்" என்று சொல்லி இருக்கையைக் கழற்றி, உறையைத் திறந்து, சீட்டைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "இதை விளம்பரத்தில் எழுதியிருந்தால் நான் 3 மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கமாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்போடு சொன்னார். வெறும் வேனோடு திரும்பிப் போனார்.

சாட்சி சொல்லும்போது நாம் வழக்கமாக இந்த இடத்தில், "அப்பொழுது என் உள்ளத்தில் சமாதானம் நிரம்பியது" என்போம். அன்று எனக்கு அப்படி நிகழவில்லை. வெட்கமும், இழந்த 8,500 பவுணைப் பற்றிய கணக்குமே இருந்தன. அவருடைய நாளை நான் வீணாக்கினேன் என்பதும் உறுத்தியது. உண்மையைச் சொன்னதில் எனக்குப் பெருமையில்லை. அதைத் தாமதமாகச் சொன்னதால் அதன் செலவில் ஒரு பங்கை வேறொருவர் தலையில் வைத்துவிட்டேன்.

அன்றிரவு விளம்பரத்தை மாற்றினேன். முதல் வாக்கியமாக இதை எழுதினேன்: "கடிகாரத்தில் உள்ள தூரம் உண்மையானதல்ல, உண்மையான தூரம் 40,000 கிலோமீட்டருக்கு மேல்." சீட்டின் புகைப்படத்தையும் சேர்த்தேன். ஐந்து வாரங்கள் எவரும் அழைக்கவில்லை. ஆறாவது வாரத்தில், ஓய்வு பெற்ற பேருந்து மெக்கானிக் ஒருவர் வடக்கிலிருந்து வந்தார். விலையை இரக்கமின்றிக் குறைத்துப் பேசினார். "தெரிந்த குறையோடு வாங்கினால் எதைப் பிரிக்க வேண்டும் என்று தெரியும்" என்பது அவர் நியாயம். கடைசியில் 6,700 பவுண் தந்தார். இத்தகைய எந்திரத்துக்கு ஓடிய தூரம் வெறும் எண்ணல்ல, அதன் வைத்தியக் குறிப்பு என்று அவர் சொல்லித்தான் நான் உணர்ந்தேன். கெண்ட் சாலையில் என் பின்சக்கரம் பூட்டிக்கொண்டதும் அந்தக் குறிப்பு எனக்கு மறைக்கப்பட்டதால்தானே? நான் மறைத்திருந்தால் அடுத்த முறை யாருடைய விரல்கள் கிளட்ச் பிடியின் மேல் இருந்திருக்குமோ, இல்லாதிருந்திருக்குமோ!

குறைந்துபோன 1,800 பவுணுக்கு என் தம்பியிடம் கடன் வாங்கி மகளின் தவணையைக் கட்டினோம். அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம். "நல்ல விலை கிடைத்ததா?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: கேட்ட விலை கிடைக்கவில்லை, அந்த வண்டிக்கு உரிய விலை கிடைத்தது.

அன்பானவர்களே, உங்களில் அநேகர் மோட்டார் சைக்கிள் விற்கப்போவதில்லை. ஆனால் நாம் எல்லோரும் ஏதாவது ஒன்றை விற்கிறோம், அல்லது யாரிடமாவது ஒப்படைக்கிறோம். வீட்டை விற்கும்போது ஈரச்சுவரின் மேல் புது வண்ணம் பூசி, "அண்மையில் வண்ணம் பூசப்பட்டது" என்கிறோம். அதுவும் உண்மைதான். கலியாணப் பேச்சில் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் ஒன்றுவிடாமல் சொல்லி, நோயைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடுகிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், கடன் கேட்கும்போதும், கோள் சொல்லும்போதுங்கூட, ஒரு பொய்யும் பேசாமலே ஒருவரை முழுப் பொய்யை நம்பச் செய்ய நமக்குத் தெரியும். "கேட்டால் சொல்லியிருப்பேன்" என்பது அப்பொழுது நம் மனச்சாட்சிக்கு நாமே கொடுக்கும் ரசீது. எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாதவனுக்கு அந்த ரசீதால் என்ன பயன்?

இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் யாருக்காவது அண்மையில் சொன்ன, முற்றிலும் உண்மையான ஒரு வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். அதைக் கேட்டவர் எதை நம்பிக்கொண்டு வீடு திரும்பினார் என்று சிந்தியுங்கள். அவர் நம்பியதும் நீங்கள் அறிந்ததும் ஒன்றல்லவென்றால், உங்கள் இருக்கைக்குக் கீழேயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அவர் வேனோடு புறப்படும் முன்பே அதைக் காட்டிவிடுங்கள். நான் செய்ததுபோல் வாசல் வரையில் வரவைத்துக் காட்டாதிருங்கள்.

அன்றொரு நாள் வஞ்சகத்தைப் பற்றிய பிரசங்கத்தில் நான் சொன்ன அந்த உதாரணத்தை நீங்கள் இனி வேறுவிதமாக நினைவில் வையுங்கள். அந்த வியாபாரிக்காக இப்பொழுது ஜெபிக்கிறேன். முன்பு அவருக்காக ஜெபித்தபோது அவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நின்றோம். இப்பொழுது அப்படி இல்லை.

கர்த்தர் நம் நாவையும் நம் மௌனத்தையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.